எல்லையோர நோயாளியும் மென்பொருள் ஏஜென்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று வரிசையாக ஊர்கள். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். சுகர் மாத்திரை வாங்குவது கேரள அரசு ஆஸ்பத்திரியில், நெஞ்சுக்கு ஸ்கேன் எடுப்பது கோயம்புத்தூரில். இப்படி இரண்டு மாநிலத்துக்கும் நடுவே வைத்தியம் பார்ப்பவர்கள், அவர்கள் பிள்ளைகள், இந்தப் பக்கம் சின்ன கிளினிக்கோ லேபோ நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. உடம்புக்கு என்ன செய்வது என்பதை டாக்டரிடம் கேளுங்கள். இங்கே இருப்பது கணினிப் பக்கத்துச் சங்கதி மட்டும்.

மென்பொருள் ஏஜென்ட் என்றால் என்ன? செல்போனில் இருக்கும் ஆப்பிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

பட்டனை அழுத்தினால் ஆப் ஒரு வேலையைச் செய்துவிட்டு நின்றுவிடும். ஏஜென்ட்டிடம் ஒரு காரியத்தையே ஒப்படைக்கிறோம். 'அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) பார்க்க வேண்டும், தவறக் கூடாது' என்று சொல்லிவிட்டால் போதும். கடைசி ரிப்போர்ட்டின் தேதியைப் பார்ப்பது, லேபில் நேரம் கேட்பது, முந்தின நாள் அப்பாவுக்கு ஞாபகப்படுத்துவது, அவர் போகவில்லை என்றால் மறுபடி நேரம் வாங்குவது, ரிசல்ட் வந்ததும் டாக்டர் கண்ணில் படும் இடத்தில் வைப்பது எல்லாம் அதன் பாடு. (இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. 'சாப்பிடாமல் வாருங்கள்' என்று மெசேஜ் அனுப்பும் ஏஜென்ட்டைச் செய்தவர் லேப் பக்கமே போனதில்லை என்று அர்த்தம்.)

மைக்கேல் வூல்ட்ரிட்ஜ், நிக்கோலஸ் ஜென்னிங்ஸ் இருவரும் 1995-ல் எழுதிய கட்டுரை ஒன்று ஏஜென்ட்டுக்கு நான்கு குணங்களைச் சொல்கிறது. ஒருவர் கூடவே நின்று மேய்க்காமல் தானாக இயங்க வேண்டும். சுற்றி நடப்பதைக் கவனித்து ஈடுகொடுக்க வேண்டும். கேட்கும்வரை காத்திராமல் முன்கை எடுக்க வேண்டும். மற்ற ஏஜென்ட்டுகளோடும் மனிதர்களோடும் பேசிக் காரியம் முடிக்க வேண்டும். யாராவது 'எங்கள் ஏஜென்ட்' என்று காட்டினால் இந்த நான்கில் எத்தனை தேறுகிறது என்று பாருங்கள். பல நேரம் வெறும் சாட் ஜன்னலாகத்தான் இருக்கும்.

இது சாட்ஜிபிடிக்குப் பிறகு வந்ததுதானே?

சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். யோசிக்கும் மென்பொருளை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவரும் முயற்சிக்கு அரை நூற்றாண்டு வயது ஆகிறது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின், கிருமித் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக், என்ன அளவு என்று விதிகளை வைத்துச் சொல்லும். 1979-ல் வெளியான மதிப்பீட்டில் அது அங்கிருந்த மருத்துவப் பேராசிரியர்களுக்குச் சளைக்கவில்லை. ஆனாலும் நடைமுறை வைத்தியத்துக்கு அது வரவே இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டர் உட்கார்ந்து கேள்வி கேள்வியாகப் பதில் தட்ட வேண்டியிருந்தது; தப்பானால் யார் பொறுப்பு என்பதற்கும் விடை இல்லை. முதல் தடை இன்று கொஞ்சம் இளகியிருக்கிறது. இரண்டாவது அப்படியேதான் இருக்கிறது.

அதே ஸ்டான்ஃபோர்டில் பார்பரா ஹேய்ஸ்-ராத் குழு, தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளியைக் கண்காணிக்கும் கார்டியன் என்ற ஏஜென்ட்டைச் செய்து பார்த்தது. 2000-ஐ ஒட்டி பார்சிலோனாவில் காரெல் என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. தானமாக வரும் உறுப்பும் திசுவும் யாருக்குப் போக வேண்டும் என்பதை ஆஸ்பத்திரிகளின் ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் பேசி முடிப்பது அதன் யோசனை. இதயம் எடுத்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். பத்து இடத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. எந்த ஏஜென்ட் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்ற கட்டுத்திட்டத்தைத்தான் அந்த ஆராய்ச்சி முதலில் வகுத்தது. இன்று ஏஜென்ட் விற்பவர்கள் பேசாமல் தாண்டிப்போகும் பகுதியும் அதுதான்.

அப்படியானால் இப்போது புதிதாக என்ன? பழைய ஏஜென்ட் கட்டம் போட்ட படிவத்தைத்தான் படிக்கும். சாட்ஜிபிடிக்குள் இருப்பது போன்ற மொழி மாதிரியின் மேல் ஓடும் புதிய ஏஜென்ட், டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் நாலு வரியில் எழுதியதையும் படித்து அர்த்தம் பண்ணிக்கொள்ளப் பார்க்கும். அர்த்தம் பண்ணிக்கொள்வதாலேயே சில நேரம் இல்லாததை இருப்பதாகவும் சொல்லிவிடும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதனால் ஆகப்போவது என்ன?

சுகர் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மெட்ஃபார்மின் 500, கிளிமெபிரைடு 1 என்று இரண்டு மாத்திரை தருகிறார்கள். கால் மரத்துப்போகிறது என்று மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறான். அங்கே டாக்டர் கிளைகோமெட் ஜிபி 1 எழுதுகிறார். அந்த ஒற்றை மாத்திரைக்குள் மெட்ஃபார்மின் 500-ம் கிளிமெபிரைடு 1-ம் சேர்ந்தே இருக்கின்றன. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. பெயர் வேறு, நிறம் வேறு, வாங்கின இடம் வேறு, அப்புறம் மருந்தும் வேறாகத்தானே இருக்கும்? காலையில் இரண்டு செட்டும் உள்ளே போகின்றன. மெட்ஃபார்மின் இரட்டிப்பானால் பெரும்பாலும் வயிறு படுத்தும். கிளிமெபிரைடு இரட்டிப்பானால் சுகர் ஒரேயடியாக இறங்கி, தோட்டத்தில் வேலையாக இருக்கும்போது வியர்த்துக் கொட்டிச் சாய்ந்துவிடுவார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டாம். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து, பிராண்ட் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்து எது என்று பார்த்தால் போதும். அந்த இரண்டு சீட்டும் ஒரே மேஜைக்கு வருவதே இல்லை, சிக்கலே அங்கேதான். கோயம்புத்தூர் டாக்டரிடம் கேரளச் சீட்டைக் காட்டச் சிலர் கூச்சப்படுகிறார்கள். இங்கே உள்ள டாக்டரிடம் 'தனியாரில் காட்டினேன்' என்று சொல்லச் சிலர் பயப்படுகிறார்கள். ஏஜென்ட்டுக்குக் கூச்சமும் பயமும் கிடையாது. இரண்டு பக்கத்துச் சீட்டையும் சேர்த்து, மருந்தின் பொதுப்பெயருக்கு மாற்றி, ஒரே மருந்து இரண்டு தடவை வந்தால் டாக்டருக்கோ மருந்தாளுநருக்கோ தகவல் சொல்லும். 'இதை நிறுத்துங்கள்' என்று நோயாளியிடம் அதுவே சொல்லக் கூடாது.

அது வரும்வரை பழைய வழி இருக்கவே இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் கொட்டுங்கள்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்தது கேரளாவில், தாய்வீடு பொள்ளாச்சி. கர்ப்பிணிக்கு ஏஜென்ட் உதவுமா?

என்னைக் கேட்டால் எல்லையில் ஏஜென்ட் முதலில் இறங்க வேண்டிய இடமே இதுதான். ஆறு மாதம்வரை செக்கப் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் (தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குத் தரும் பதிவு எண்), புதுப் பதிவு, புது நோட்டு. மருத்துவக் காலண்டரில் 28-ஆம் வாரமும் சரியாக இந்த இடத்தில்தான் வந்து விழுகிறது. தாயின் ரத்தம் நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்தை ஒட்டி, குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி முடிவெடுக்க வேண்டும். குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவத்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட்டாக வேண்டும். குளுக்கோஸ் குடித்துச் சுகர் பார்ப்பதும் 24-லிருந்து 28 வாரத்துக்குள். 'தாய்வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்' என்று இந்தப் பக்கம் விடுவார்கள். 'அங்கேயே பார்த்திருப்பார்கள்' என்று அந்தப் பக்கம் விடுவார்கள்.

ஏஜென்ட் இங்கே எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 26-ஆம் வாரத்தில் 'எந்த ஊரில் பிரசவம், எப்போது கிளம்புகிறீர்கள்' என்று கேட்டு வைக்க வேண்டும். ரத்த வகை, முடிந்த சோதனைகள், பாக்கி உள்ளவை என்று மூன்றே வரியில் ஒரு குறிப்புத் தயாரித்து, பெண்ணின் சம்மதத்தோடு பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. 'பார்த்தேன்' என்று அவர் பதில் போடும்வரை விடாமல் கேட்க வேண்டும். இரண்டு நாளாகப் பதில் இல்லை என்றால் இந்தப் பக்கத்து ஜேபிஎச்என்னுக்கோ (பொது சுகாதார செவிலியர்) ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவுக்கோ சொல்லி, ஒரு போன் போட வைக்க வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பும் சாதாரண மென்பொருள் அனுப்பியதோடு நின்றுவிடும். பதிலுக்காக வாசலிலேயே நிற்பதுதான் ஏஜென்ட்டின் லட்சணம்.

இரண்டு மாநிலக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுமா?

பேச வைக்கத்தான் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் இருக்கிறது. நாடு முழுவதற்கும் 2021 செப்டம்பரில் தொடங்கினார்கள். அதில் உங்களுக்கு ஆபா என்று 14 இலக்க எண் தருவார்கள். எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ரிப்போர்ட்டுகள் எல்லாம் டில்லியில் ஒரு பெரிய பெட்டியில் போய்ச் சேர்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவை உண்டான ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். வேறொரு டாக்டர் கேட்டால் உங்கள் போனுக்குக் கோரிக்கை வரும். எந்த மாதிரி ரிப்போர்ட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை நாளைக்குப் பார்க்கலாம் என்று நீங்கள் சம்மதித்த பிறகுதான் அது நகரும். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கவும் முடியும். தகவல் போகும் வடிவத்துக்கு ஃபயர் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் 2011-ல் தொடங்கி வைத்த இந்தத் தரநிலையை இன்று உலகத்தில் பல நாடுகள் பயன்படுத்துகின்றன.

வடிவம் ஒன்றாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுதான் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவரும் சில ரிப்போர்ட்டுகளில் சுகர் 7.8 என்று இருக்கும், ஏனென்றால் அளவு மில்லிமோலில். நம் ஊர்க் கணக்குக்கு 18-ஆல் பெருக்கினால் 140. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 88 என்று பார்த்துப் பதறுபவர்களும் உண்டு. அது மைக்ரோமோல், இங்கே அதற்கு 1.0 என்று போடுவார்கள். எண்ணோடு அலகையும் படிக்காத ஏஜென்ட்டை ரிப்போர்ட் பக்கமே விடக் கூடாது. சோதனைக்கே ஒரு பொதுக் குறியீடு போட்டு அனுப்பினால் இந்தக் குழப்பம் பாதி தீரும். லாய்ங்க் என்ற அந்தக் குறியீட்டு முறை 1994-லிருந்து இருக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை. சின்ன லேப்கள் அதைப் போட ஆரம்பிப்பதுதான் பாக்கி.

அதுவரைக்கும் எல்லையின் உண்மையான ஹெல்த் நெட்வொர்க் வாட்ஸாப்தான்.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வருகிறதே?

வருகிறது. ரேஷன் கார்டில் வேலுச்சாமி எம், கோயம்புத்தூர் ஃபைலில் எம். வேலுசாமி, மலையாளத்தில் எழுதி மறுபடி மாற்றியதில் வேலுஸ்வாமி. பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஜனவரி 1 போட்டிருப்பார்கள், அதனால் தேதியை வைத்தும் பிரிக்க முடியாது. இரண்டு வேலுச்சாமிகளை ஏஜென்ட் தானாகவே ஒருவராக்கிவிட்டால், ஒருவருடைய பென்சிலின் அலர்ஜி இன்னொருவர் ஃபைலுக்குப் போய்விடும். பொருத்தம் என்று தோன்றுவதை அது எடுத்துக் காட்டட்டும். இணைக்கும் பட்டனை ஒரு மனிதர்தான் அழுத்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஏஜென்ட் மருந்து எழுதலாமா?

கூடாது. 2020 மார்ச் 25-ல் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகள் இதைப் பட்டவர்த்தனமாகவே சொல்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ அனுமதி இல்லை. பதிவு பெற்ற மருத்துவருக்கு உதவியாக இருக்கலாம். கடைசி வார்த்தையும் சீட்டும் அவரிடமிருந்துதான் வர வேண்டும். ஆகவே 'உங்கள் மாத்திரையை அரையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று எந்த மென்பொருளாவது நேராக உங்களிடம் சொன்னால், அது சரியாகவே சொல்லியிருந்தாலும் எல்லை மீறிவிட்டது. டாக்டருக்குப் போன் போடுங்கள்.

தப்பு செய்யுமா?

செய்யும். எப்படிச் செய்யும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

லேபிலிருந்து பொட்டாசியம் 6.3 என்று வருகிறது. அந்த அளவில் இதயத் துடிப்பு தடுமாறலாம், உடனே டாக்டரை எழுப்ப வேண்டும். ஆனால் ரத்தம் எடுக்கும்போது ஊசி இழுபட்டோ, டியூப் வண்டியில் குலுங்கியோ சிவப்பணுக்கள் உடைந்திருந்தால், அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்து கணக்கு பொய்யாக ஏறிவிடும். அனுபவம் உள்ள லேப் டெக்னீஷியன் டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். மேலே நிற்கும் சீரம் மஞ்சளாக இல்லாமல் சிவந்திருந்தால் 'இன்னொரு தடவை எடுங்கள்' என்பார். எண்ணை மட்டும் பார்க்கும் ஏஜென்ட்டுக்கு இந்தச் சிவப்பு தெரியாது. டியூபின் நிலையையும் லேப் ஒரு குறிப்பாக அனுப்பினால், அதைப் பார்க்க ஏஜென்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தால், பாதிராத்திரியில் வீணாக ஆம்புலன்ஸ் கிளம்பாது. அதற்காகச் சிவந்த டியூப் என்று சொல்லி எச்சரிக்கையை அமுக்கியும் விடக் கூடாது. கிட்னி நோயாளிக்கு அது நிஜமாகவே 6.3 ஆக இருக்கலாம். 'சந்தேகம் உள்ளது, மறு ரத்தம் உடனே தேவை' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, கத்திக் கத்தியே மதிப்பிழப்பது. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருந்த எபிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் (கிருமித் தொற்று முற்றி உடம்பையே பாதிக்கும் நிலை) கணிப்பை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கைக் கோட்டைவிட்டது. அதே நேரத்தில் உள்நோயாளிச் சேர்க்கைகளில் 18 சதவீதத்துக்கு எச்சரிக்கை அடித்தது. இப்படி அடித்துக்கொண்டே இருந்தால் எந்த நர்ஸ் திரும்பிப் பார்ப்பார்?

கருவியே ஏமாற்றுவதும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் நிஜமாகவே குறைந்திருந்தும் நன்றாக இருப்பதாகக் காட்டுவது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. வெயிலில் வேலை செய்யும் நம் ஊர்த் தோலுக்கும் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. மீட்டர் 94 காட்டினாலும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் ஜெயித்தது கிளினிக்கில் தடுக்கி விழுவதும் நடக்கும். சுகர் நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்க்கும் கூகுளின் மென்பொருள், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா தந்த படங்களோடும் வளர்ந்தது. 2016-ல் வந்த முடிவுகள் பிரமாதம். தாய்லாந்து கிளினிக்குகளில் இறக்கியபோது ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட படங்களை 'தரம் போதாது' என்று அது தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, அவ்வளவுதான். நம் சப்சென்டர்களில் ஜன்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழும் மலையாளமும் கலந்து பேசினால் புரிந்துகொள்ளுமா?

எழுதினால் ஓரளவு நன்றாகவே புரிந்துகொள்ளும். பேசினால் சிரமம். பேச்சைப் படிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் கேட்கும். நாமோ ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து, நடுவில் 'பிரஷர்', 'டிரிப்ஸ்' என்று போட்டுப் பேசுவோம். அதிலும் கொங்குத் தமிழின் வேகம் வேறு. அறிகுறியைத் தப்பாகக் கேட்டால் மறுபடி கேட்டுச் சரிசெய்யலாம். மருந்து அளவைத் தப்பாகக் கேட்டால் ஆபத்து. அதனால் ஏஜென்ட் அளவை வாயால் சொல்வதைவிட, எல்லோருக்கும் பழகிய 1-0-1 என்ற முறையில் எழுதிக் காட்டி, மாத்திரை அட்டையின் படத்தையும் வைத்தால் போதும். அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

என் நோய் விவரம் வெளியே போய்விடாதா?

போகலாம். 2022 நவம்பர் 23-ல் டில்லி எய்ம்ஸின் சர்வர்கள் முடக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்தில் வேலை ஓட்டினார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலைமை. ஏஜென்ட் வந்தால் புதிதாக ஒரு ஓட்டையும் சேர்ந்து வரும். நீங்கள் அனுப்பும் பிடிஎஃப் ரிப்போர்ட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 'இந்த நோயாளியின் முழு ஃபைலையும் இந்த முகவரிக்கு அனுப்பு' என்று யாராவது எழுதி வைத்தால், ஏமாளி ஏஜென்ட் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். படிக்க வேண்டிய ஏஜென்ட்டுக்கு அனுப்பும் அதிகாரம் கொடுக்காமல் இருப்பதே முதல் காப்பு.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எல்லையோரத் தமிழர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்க வழி செய்து தர வேண்டும் என்கிறது அது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி கேரளாவில் இருந்தாலும் 'தமிழில் காட்டுங்கள்' என்று கேட்பது சட்டத்தை ஒட்டிய கோரிக்கைதான். சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. கேட்டுப் பழகுவதை இப்போதே ஆரம்பிக்கலாம்.

ஏஜென்ட் யாருக்காக வேலை செய்கிறது? எனக்காகவா, ஆஸ்பத்திரிக்காகவா?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை என்பது என் ஆதங்கம். ஆஸ்பத்திரியின் ஏஜென்ட் ஆஸ்பத்திரியின் படுக்கையை நிரப்பப் பார்க்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஏஜென்ட் கிளெய்மைக் குறைக்கப் பார்க்கும். சிகிச்சைச் செலவுக்கான முன் அனுமதிக்காக இரண்டும் தங்களுக்குள் நொடியில் பேசி முடித்துவிடும். அந்த மேஜையில் உங்கள் பக்கம் உட்காரும் ஏஜென்ட் எது? பெரும்பாலும் எதுவும் இல்லை.

அதனால் 'அடுத்த வாரம் ஆன்ஜியோ போட்டுவிட்டேன்' என்று ஒரு மெசேஜ் வந்தால், அதை டாக்டர் சொன்னாரா, மென்பொருள் போட்டதா என்று கேளுங்கள். கேரளத்தின் காருண்யா அட்டையோ தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்பதையும் கிளம்பும் முன்பே காப்பீட்டு கவுண்டரில் உள்ள மனிதரிடம் கேட்டுவிடுங்கள். மாநிலம் தாண்டும்போது இது முக்கியம்.

ஆஷா, நர்ஸ் வேலைகள் போய்விடுமா?

ரிஜிஸ்டர் எழுதும் வேலை குறையலாம். சுகர் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் பாட்டியை எந்த ஏஜென்ட்டும் கண்டுபிடிக்காது. எனக்குக் கவலை வேறு. ஏஜென்ட் வந்த பிறகும் பழைய ரிஜிஸ்டரை எழுதச் சொல்லி, இரண்டு வேலையாக்கிவிடுவார்கள்.

ராத்திரி நெஞ்சு வலித்தால் ஏஜென்ட்டிடம் கேட்கலாமா?

வேண்டாம். 108. எல்லையில் உங்கள் போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்து அழைப்பு பக்கத்து மாநிலத்துக்கும் போகலாம். எடுத்த உடனே மாநிலம், மாவட்டம், ஊர், பக்கத்தில் உள்ள செக்போஸ்ட் என்று சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லாத சந்தேகத்துக்குக் கேரளத்தில் திஷா 1056, தமிழ்நாட்டில் 104 இருக்கின்றன. மறுமுனையில் மனிதர்கள் பேசுவார்கள்.

சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். ஏஜென்ட் வாங்கலாமா?

டோக்கன், ஞாபகமூட்டல், லேப் ரிசல்ட்டைத் தேடி எடுத்து வைப்பது, இந்த மூன்றுக்கும் தாராளமாக வாங்கலாம். வாங்கும் முன் விற்பனையாளரை உட்கார வைத்துச் சில விஷயங்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நேற்று இது என்னென்ன செய்தது, எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது என்ற பதிவைத் திறந்து காட்டட்டும். நோயாளிக்குப் போகும் மெசேஜ் முதலில் வரைவாக வந்து, நீங்கள் ஓகே சொன்ன பிறகு போகுமா? நெட் போனால் என்ன ஆகும்? ஒரே பட்டனில் நிறுத்த முடியுமா? அடுத்த வருஷம் வேண்டாம் என்றால் நோயாளி விவரங்களை வேறு மென்பொருள் படிக்கும் வடிவில் திருப்பித் தருவார்களா? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நோயாளிக்கு நேராகப் பதில் சொல்லும் சாட் வசதியை முதல் வருஷம் மூடியே வையுங்கள். அதைத்தான் அதிகம் விற்கப் பார்ப்பார்கள்.

இன்ஜினியரிங் மாணவர்கள் நாங்கள். ப்ராஜெக்ட்டாகச் செய்து பார்க்க எங்கே தொடங்குவது?

நிஜ நோயாளியின் ரிப்போர்ட்டைத் தொடாமல் தொடங்குங்கள், வீட்டில் பாட்டியுடையதாக இருந்தாலும் சரி. சிந்தியா என்ற இலவச மென்பொருள் கற்பனை நோயாளிகளை முழு மருத்துவ வரலாற்றோடு ஃபயர் வடிவிலேயே உருவாக்கித் தரும். அதை ஏற்றி வைக்க ஹாபி ஃபயர் சர்வர் போதும், அதுவும் இலவசம். இந்த முறைக்குப் பழகிய பிறகு டிஜிட்டல் மிஷனின் சாண்ட்பாக்ஸில் (சோதனைத் தளம்) பதிவு செய்து, சம்மதக் கோரிக்கை எப்படிப் போய் வருகிறது என்று பாருங்கள்.

ஏஜென்ட்டுக்கு முதலில் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். இரண்டு சீட்டில் ஒரே மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே ஒரு செமஸ்டருக்குப் போதுமான வேலை. நம் பிராண்ட் பெயர்களின் பட்டியலைச் சுத்தம் செய்வதற்குள்ளேயே பாதி நாள் ஓடிவிடும். சிந்தியா தருவது அமெரிக்க நோயாளிகளை. அவர்களுக்குப் பெயரிலும் தேதியிலும் நம் ஊர்ச் சிக்கல்கள் இருக்காது. அதனால் மூன்று விதமாக எழுதிய வேலுச்சாமிகளையும், ஜனவரி 1-ல் பிறந்த பெரியவர்களையும், மில்லிமோலில் வந்த ஒரு கல்ஃப் ரிப்போர்ட்டையும் நீங்களே கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.